பதினோரு மாதக் கம்மல்

மேலகரத்திலிருந்து கல்லூரிக்குப் போக மினி பஸ் உண்டு. பத்து ரூபாய். வந்து நின்றதும் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறும்மா, எடமிருக்கு" என்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ் வரும்வரை நிற்பேன். சாரல் மாதங்களில் குடை பிடித்தாலும் முழங்காலுக்குக் கீழே நனைந்துவிடும். முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போனால், "பஸ் வரல மேடம்" என்பேன். அது பொய் இல்லை. என் பஸ் வரவில்லை.

பணம் சேர்ப்பதை ஒரு நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அது நிற்பதுதான். பஸ்ஸுக்கு நிற்பது, பக்கத்தில் இருப்பவள் படித்து முடிக்கும்வரை அவளுடைய புத்தகத்துக்கு நிற்பது, மற்றவர்கள் வடை தின்று முடிக்கும்வரை கேன்டீன் வாசலில் நிற்பது. மூன்று வருடமும் நான் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. குடித்தால் இன்னொரு நாள் நான் வாங்கிக் கொடுக்க வேண்டும். "ஒனக்கு டீயே பிடிக்காதா?" என்று கேட்பார்கள். "பிடிக்காது" என்பேன். வீட்டுக்கு வந்ததும் சட்டியில் மிச்சம் இருக்கும் ஆறிய டீயை அப்படியே குடிப்பேன்.

அப்பா தென்காசி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடமே போகவில்லை, பீடி சுற்றுகிறாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போடப்போகிற முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்லிப் பழகவில்லை. முதல் வருடமே ஒரு முடிவும் எடுத்திருந்தேன். பி.எஸ்ஸி.யோடு நிற்கக் கூடாது, திருநெல்வேலிக்குப் போய் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்க வேண்டும். அந்த முதல் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்டக் கூடாது. கை நீட்டினால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். எனக்கும் விழுந்தது. ஆனால் கணக்கு தொடங்கும்போது வீட்டில் இருந்தது ஒரே போன், அப்பாவுடையது. அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். பணம் வந்த குறுஞ்செய்தி மார்க்கெட்டில், மூட்டைகளுக்கு நடுவில் அவர் சட்டைப் பையில் போய்க் கூவும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏட்டி, ஒன் துட்டு வந்துட்டு" என்பார். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ஐநூறு இருந்தாக் குடு. சனிக்கெழம தந்துருதேன்" என்பார். அப்பா குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். ஆனால் கூட வேலை பார்க்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். சனிக்கிழமை வரும். வேறொருவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

இரண்டு வருடம் இப்படிக் கரைந்த பிறகு அம்மாதான் வழி சொன்னாள்.

"நகைக்கடையில மாசாமாசம் கட்டுவோம். போட்டா எடுக்க முடியாதுல்லா."

எடுக்க முடியாது என்பதுதான் எங்களுக்குப் பிடித்திருந்தது. தென்காசி ரத வீதிப் பக்கம் ஒரு கடை. பதினோரு மாதம் கட்ட வேண்டும், கட்டிய பணத்துக்கு அன்றன்றைய விலைக்குத் தங்கம் எடையாக ஏறும், முடிவில் நகையாக எடுத்துக்கொள்ளலாம். செய்கூலி, சேதாரம் கிடையாது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்று பேசி முடித்தோம். ஆயிரம் அரசாங்கத்தினுடையது. ஐந்நூறு என் கையால்.

அந்த ஐந்நூறு இரண்டு இடத்திலிருந்து வந்தது. கல்லூரி விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவேன், பீடிக் கம்பெனி அவள் பெயரில் கொடுத்திருக்கும் புத்தகத்தில் என் கணக்கும் ஏறும். சீசன் வந்துவிட்டால் சனி, ஞாயிறு குற்றாலத்தில் ஒரு கடை. எண்ணெய், ஷாம்பு, துண்டு, டவுசர், சோப்புப் பெட்டி. குளிக்கப் போகிறவர்களின் பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பதும் என் வேலைதான். அருவியில் தண்ணீர் இல்லாவிட்டால் கூட்டம் இல்லை, சம்பளம் இல்லை. தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டாலும் கூட்டம் இல்லை, சம்பளம் இல்லை. தண்ணீர் அளவாக விழ வேண்டும். வானத்தைப் பார்த்து இப்படிக் கணக்குப் போட்டது நானும் அந்தக் கடை அண்ணாச்சியும்தான். மற்றவர்களெல்லாம் சாரலைப் பார்த்து ஆகா என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் துறையில் பாடம் எடுக்கும் சார் ஒருவர் குடும்பத்தோடு கடைக்கு வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீ... இங்க?"

"ஆமா சார். எண்ணெய் வேணுமா, ஷாம்பு மட்டும் போதுமா?"

அவர் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, "மீதிய வச்சுக்கோம்மா" என்றார். நான் மீதியை எண்ணி அவர் மனைவி கையில் கொடுத்தேன். அவர்கள் போனதும் அண்ணாச்சி, "ஏம்மா, குடுத்தா வாங்க வேண்டியதுதான? இவ்வளவு வீம்பு ஆகுமா?" என்றார். "டோக்கன் கேக்காக, பாருங்க" என்று பேச்சை மாற்றினேன். சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேலே ஒரு ரூபாய் வாங்கினாலும் திங்கட்கிழமை அவர் வகுப்பில் நிமிர்ந்து உட்கார முடியாது என்று நினைத்தேன்.

கடைசித் தேர்வுகள் முடிந்தன. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் விண்ணப்பித்திருந்தேன். வியாழக்கிழமை செய்தி வந்தது. இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை மாலைக்குள் முதல் பருவக் கட்டணத்தை ஆன்லைனில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். நல்லவேளையாகப் பதினோரு மாதமும் அந்த மாதத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் நகைக்கடைக்குப் போனோம்.

தங்க நாணயமாக வாங்கி அப்படியே விற்றுவிடலாம் என்பது என் திட்டம். கடைக்காரரிடம் நேராகக் கேட்டேன்.

"காயினா எடுத்தா சலுகை கெடையாதும்மா. திருப்பி வித்தா அதுலயும் கழிவு உண்டு. அடகு வைக்கணும்னாலும் கூட்டுறவு பேங்க்ல காயின் வாங்க மாட்டாக. நகையா எடுத்துக்கோ."

"நகையா எடுத்து இன்னைக்கே விக்கலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "புது நகைய விக்கவாட்டி வந்தோம்?" கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள். பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. பதினோரு மாதமும் இரண்டு பேரும் ஒரே அட்டையில்தான் கட்டினோம். நான் கல்லூரிக்குக் கட்டினேன். அவள் என் காதுக்குக் கட்டினாள். எதற்கு என்று ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை.

கடை நடுவில் நின்றுகொண்டே பேசி முடித்தோம். விற்பது இல்லை, அடகு. ஒரு ஜோடி கம்மல், இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அம்மா சிவப்புக் கல் வைத்ததைக் காட்டினாள். கல்லின் எடையை அடகில் கழித்துவிடுவார்கள் என்று சொல்லி வெறும் பொன்னில் ஒரு பூவை எடுத்தேன். அதில் நான் ஜெயித்தேன். அம்மா அதற்குப் பதிலாக ஒன்று கேட்டாள்.

"காதுல ஒரு தடவ கூடப் போடாம அடகுக்குப் போகக் கூடாது. ஞாயித்துக்கெழம இலத்தூர்ல காதுகுத்து இருக்குல்லா, போட்டுட்டு வா. திங்கக்கெழம காலையில கொண்டு வைப்போம்."

சனிக்கிழமையும் வங்கி திறந்திருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதினோரு மாதமும் கடைக்கு நடந்து போய்க் கட்டி வந்தவள் அவள். சரி என்றேன். சனிக்கிழமை வழக்கம்போல் குற்றாலத்துக்குப் போய்ப் பைகளுக்குக் காவல் இருந்தேன்.

இலத்தூரில் அப்பாவின் அண்ணன் வீடு. பெரியம்மா தன் பேத்திக்குக் காது குத்துகிறாள். மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போதே பெரியம்மா என்னைப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. திரும்பு." என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை திருப்பினாள். "கவரிங் இல்லியே. எத்தன கிராமு?"

"ரெண்டுக்கு மேல" என்றாள் அம்மா. அவள் குரல் வேறு யாருடைய குரலோபோல இருந்தது.

"கல்லு வைக்கலியோ?"

"அவதான் வேண்டாம்னுட்டா."

"கணக்குப் படிச்சவல்லா. கல்லுக்குக் கழிப்பாம்னு தெரிஞ்சு வச்சிருக்கா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அத்தை, "அப்பம் நீங்களும் ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

"என்னத்த?" என்றேன்.

"என்னத்தயா? பொட்டப் புள்ளைக்கு நக சேக்க ஆரம்பிச்சாச்சுல்லா. இன்னைக்குக் கம்மல். அடுத்து சங்கிலி."

அப்போதுதான் நாங்கள் செய்த காரியம் எனக்கு உறைத்தது. மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பெண்ணின் காதில் பொன் ஏறினால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அம்மா கல்யாணம் என்று வாயைத் திறக்கவில்லை. கம்மல் அவளுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டது. பாயசம் வருவதற்குள் ஒரு பையனும் வந்துவிட்டான். நேரில் இல்லை, பேச்சில்.

"சொந்த வண்டி. கேரளாவுக்கு லோடு ஓட்டுதான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்றாள் பெரியம்மா. பிறகு அம்மா பக்கம் சாய்ந்து, "படிப்பெல்லாம் சரி. புள்ள பேருல பீடி புக்கு இருக்கா?" என்றாள்.

"எம்பேருலதான் இருக்கு."

"அவ பேருலயும் ஒண்ணு எடுத்துரு. கெட்டிக்கிட்டுப் போன எடத்துலயும் சுத்தலாம்லா, மாப்ள வீட்டுல அதத்தான் மொதல்ல கேப்பாக. புதன்கெழம வாராக, வந்து பாக்கட்டும்."

மூன்று வருடம் படித்த படிப்பு அந்தப் பந்தியில் ஒரு பீடி புத்தகத்துக்குக் கீழே போய்விட்டது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பையன் நல்லவனாம்" என்றாள்.

"யம்மா."

"நா ஒண்ணுஞ் சொல்லலியே."

திங்கட்கிழமை காலையில்தான் சொன்னாள். பீடி இலையை நனைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"புதன்கெழம வரைக்கும் காதுல இருக்கட்டும். வியாழக்கெழம வச்சுக்கிடலாம். காலேஜ்ல சொல்லிக் கேளு, நாலு நாள் பொறுக்க மாட்டாகளா?"

"பொறுக்க மாட்டாக."

"கேட்டியா?"

"கேக்காண்டாம். மெசேஜ்லயே போட்டிருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் தாண்டுனா எடம் போயிரும்."

அவள் கத்தரியை எடுத்து இலை வெட்ட ஆரம்பித்தாள். அவளை வில்லியாக்க எனக்கு மனம் வரவில்லை, அன்றும் வரவில்லை. கழுத்து வலியோடு குனிந்தே இருபது வருடத்துக்கு மேல் இலை வெட்டியவள். பெண்ணை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் நிமிரலாம் என்று நினைத்திருப்பாள். அவளுக்கும் அலுப்புதான். ஆனால் அவள் இறக்கி வைக்க நினைத்த சுமை நான். அதுதான் சங்கடம்.

சண்டை போடலாம் என்று எழுந்தேன். போட முடியவில்லை. பலம் இல்லை. மூன்று வருடத்து நிற்பும் அன்றைக்குக் காலில் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. அழுதால் அவள் இறங்கி வந்துவிடுவாள் என்று தெரியும், அழவும் வரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வலது காது கம்மலைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். இடது காதில் திருகாணி இறுகியிருந்தது. புதுசு. திருகத் திருக விரல் வழுக்கியது. காது மடல் சிவந்து எரிந்தது. விடாமல் திருகிக்கொண்டே இருந்தேன். வெட்டிய இலைகளின் மேல் கத்தரியை வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுக்கொண்டு வந்தாள்.

"பிச்சுப் போட்டுராத. கைய எடு. அசையாம இரு."

அவள் விரலில் பீடித்தூள் வாசனை. இரண்டு சுற்றில் திருகாணி கையோடு வந்துவிட்டது. கம்மலைச் சேலை முந்தானையில் துடைத்தாள். கடையில் கொடுத்த சிவப்புப் பெட்டியில் இரண்டையும் வைத்து மூடினாள். "பேங்க் எத்தன மணிக்குத் தெறப்பாக?" என்று கேட்டாள்.

வங்கி பத்து மணிக்குத் திறந்தது. நகை மதிப்பிடுகிறவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நடவுச் செலவுக்குப் பெண்களின் வளையல் எல்லாம் மேசைமேல் இருந்தது. எங்கள் முறை வந்ததும் அவர் கம்மலை உரைகல்லில் லேசாகத் தேய்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மின்னுதே. எப்பம் எடுத்தீக?"

"வெள்ளிக்கெழம" என்றேன்.

"போட்டே பாக்கலியாம்மா?"

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றாள் அம்மா அவசரமாக. "நேத்து ஒரு விசேஷத்துக்குப் போட்டுட்டுதான் வாரோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எடை போட்டார். வந்த பணத்தில் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. சீசன் கடைச் சம்பளத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துச் சேர்த்துக்கொண்டேன். அங்கிருந்து நேராக ஒரு கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் போனில் அவ்வளவு பணம் கட்ட வசதி இல்லை. அங்கே ரொக்கமாகக் கொடுத்தால் அவர்கள் கணக்கிலிருந்து கட்டிவிடுவார்கள், கூலி தனி. சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருமுறை பக்கமே போய்விட்டது. கடைக்காரர், "இன்னைக்கு எல்லாரும் இதத்தான் கட்டுதாக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து என் பெயரை அடித்தார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வாசலோரப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை எழுத்து வந்தது.

"கட்டியாச்சு" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பணம் போனால் ஏதாவது பொருள் கைக்கு வர வேண்டும். கடைக்காரர் கொடுத்த ரசீதுத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அப்போது அவள் பையில் போன் அடித்தது. அப்பா வேலைக்குப் போகும்போது அன்றைக்கு அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். பெரியம்மாதான். எப்போதும் கத்திப் பேசுகிறவள், எனக்கும் கேட்டது.

"அவுக புதன்கெழம பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாகளாம். புள்ளைக்கிச் சேல கட்டி விட்டுரு. அந்தக் கம்மலப் போடச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் செய்யவில்லை. தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன்.

"யக்கா, புதன்கெழம வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"என்னட்டி, என்ன ஆச்சு?"

"கம்மல் இல்ல. பேங்க்ல இருக்கு."

"நேத்துதான காதுல கெடந்துச்சு!"

"ஆமா. இன்னைக்கி வச்சுட்டோம். அவ திருநவேலியில மேல படிக்கப் போறா. பணம் கட்டியாச்சு." கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, "ரசீது வந்துட்டு" என்றும் சொன்னாள்.

பெரியம்மா என்னவோ சொன்னாள். இந்த முறை எனக்குக் கேட்கவில்லை. அம்மா "ம்", "ம்" என்று கேட்டுவிட்டு, "ரெண்டு வருசம் போகட்டும்க்கா. பொறவு பேசுவோம்" என்றாள்.

அந்த இரண்டு வருடத்தை அவள் எனக்காக வாங்கித் தந்தாளா, அவளுக்காக எடுத்து வைத்துக்கொண்டாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் அவளுக்கும் தெரியாது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பசிதான். பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வட்டி எப்பம் கட்டணும்?" என்று கேட்டாள்.

"வருசம் முடியும்போது."

"மொத்தமாக் கட்ட முடியாது. மாசாமாசம் எடுத்து வையி."

"சரிம்மா" என்றேன்.